கூட வராத சேவைக்காலம்

இரத்தினபுரியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



தோட்டத்து மக்களின் வாழ்வைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையை வைத்தவர்கள் விரும்பினார்கள். தேயிலை, இறப்பர், நாள் சம்பளம், லயம், காணி என்று பேசுவேன் என நினைத்து வந்திருப்பீர்கள். அவையெல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் இன்று நான் சலூனையும் பியூட்டி பார்லரையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளைகள் கொழுந்துக் கூடையையும் பால்வெட்டுக் கத்தியையும் வைத்துவிட்டுப் போய்ச் சேருகிற இடங்களில் அவையும் அடங்கும். பலாங்கொடையிலோ காவத்தையிலோ எட்டியாந்தோட்டையிலோ கடைவீதியில் சற்று நின்று பாருங்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கத்தரிக்கோலோடு நிற்கிற பிள்ளைகளின் முகம் உங்களுக்குத் தெரிந்த முகமாக இருக்கும்.

நாற்பது வருடம் ஒரு தொழிற்சங்கக் காரியாலயத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். சேமலாப நிதிப் படிவம் நிரப்புவது, பெயர் பிழையாகப் பதிவானதைத் திருத்தக் கடிதம் எழுதுவது, பணிக்கொடை ஏன் வரவில்லை என்று தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதுவது இவைதான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளை வந்தாள். தகப்பன் பால் வெட்டுகிறவர். அவரும் கூட வந்திருந்தார், படியில் உட்கார்ந்துகொண்டார். அவர் விரல் இடுக்குகளில் ஒட்டுப்பால் காய்ந்து கறுத்திருந்தது. மகள் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை மேசையில் வைத்தாள். அவள் நகக்கண்களும் கறுத்துத்தான் இருந்தன, தலைச்சாயம் ஏறி. உள்ளங்கையில் தோல் வெடித்திருந்தது. கோப்புக்குள் நான்கு விசிட்டிங் கார்ட், ஒரு தொழிற்பயிற்சிச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டையின் பிரதி. வேறொன்றுமில்லை.

“மாமா, எனக்கு சர்வீஸ் எத்தன வருசம்னு பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

இரத்தினபுரியில் இரண்டு வருடம், கொட்டாஞ்சேனையில் நாலு, வத்தளையில் இரண்டு, திரும்பி வந்து பலாங்கொடையில் மூன்று. கூட்டினால் பதினொன்று. பதினெட்டு வயதில் தொடங்கியவள். பதினொரு வருடமாகக் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஏழரை வரை நின்றுகொண்டே வேலை. கலியாண சீசனில் விடியற்காலை மூன்று மணிக்கு மணப்பெண் வீட்டுக்குப் போக வேண்டும். இடது தோள் தூக்க முடியாமல் போய்விட்டது. இரண்டு மாதம் ஓய்வெடுத்து வைத்தியம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளத்தோடு லீவு கிடைக்குமா, இல்லாவிட்டால் விலகினால் சேவைக்காலப் பணம் ஏதும் வருமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள்.

நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்த பதில் பூச்சியம்.

அது ஏன் என்று சொல்கிறேன். நம் நாட்டில் பணிக்கொடைச் சட்டம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஒரே தொழில்கொள்வோரிடம் ஐந்து வருடம் முழுமையாக வேலை செய்திருக்க வேண்டும். அவரிடம் பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்திருக்க வேண்டும். அப்படியானால் மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், மற்றவருக்குப் பதினான்கு நாள் சம்பளம். இந்தப் பிள்ளை எந்தக் கடையிலும் ஐந்து வருடத்தைத் தொடவில்லை. அவள் வேலை செய்த எந்தக் கடையிலும் பதினைந்து பேர் இருக்கவில்லை. மூன்று நாற்காலி, நாலு பிள்ளைகள், ஒரு முதலாளியம்மா, அவ்வளவுதான் ஒரு பார்லர். பதினைந்துக்குக் குறைந்த இடத்தில் வேலை செய்தவர் தொழில் நியாய மன்றத்துக்குப் போய்க் கேட்கலாம். கேட்கலாம் என்பதற்கும் கிடைக்கும் என்பதற்கும் இடையில் எத்தனை தவணை, எத்தனை பஸ் பயணம் என்று இந்தச் சபையில் பலருக்குத் தெரியும்.

விடுமுறைக்கும் இதே கதைதான். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடத்துக்குப் பதினான்கு நாள் வருடாந்த லீவும் ஏழு நாள் அமைய லீவும் வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வும் தருகிறது. நல்ல சட்டம். ஆனால் கடை மாறினால் கணக்கு முதலாம் நாளிலிருந்து தொடங்கும். அதோடு, பத்து வருடம் உழைத்த உடம்புக்கு இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் ஓய்வு என்ற எண்ணமே அந்தச் சட்டத்தில் இல்லை.

ஏன் கடை மாறினாள் என்று சிலர் கேட்பார்கள். நானும் கேட்டேன். முதல் கடை பூட்டுப்பட்டது. இரண்டாவது கடை 2020 மார்ச்சில் ஊரடங்கோடு மூடி, திறக்கும்போது பாதிப் பேரை எடுக்கவில்லை. மூன்றாவது கடையில் சேமலாப நிதிக்கென்று சம்பளத்தில் கழித்தார்கள், கட்டவில்லை. நாலாவதுக்கு வந்தது தாய்க்குச் சுகமில்லை என்பதால். இந்த நான்கில் எது அவள் செய்த குற்றம்?

இனி நான் கொஞ்சம் பின்னால் போகிறேன். தோட்டத்து மக்களுக்கு இடம் மாறுவதும் கணக்கு மாறுவதும் புதிதல்ல.

நம் பாட்டன் காலத்தில் “துண்டு” என்று ஒன்று இருந்தது. பெரிய கங்காணியிடம் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதை யார் கட்டுகிறாரோ அவருக்கு இவர்களை விட்டுக்கொடுப்பேன் என்று அதில் இருக்கும். கங்காணி துண்டை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். புதிய துரை கடனைக் கட்டுவார், ஆட்கள் புதிய தோட்டத்துக்குப் போவார்கள், கட்டிய பணம் மறுபடி அவர்கள் தலையில் ஏறும். 1921இல் சட்டம் போட்டுத்தான் இதை ஒழித்தார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு தொழிலாளி மலை விட்டு மலை போனால் அவனுடைய கடன் சதம் பிசகாமல் கூடவே போனது. அதற்குக் கணக்கு வைக்க முடிந்தது, எழுத்து இருந்தது, ஒப்படைப்பு இருந்தது. அவன் உழைத்த வருடங்கள் மட்டும் பழைய தோட்டத்திலேயே விழுந்து கிடந்தன. நூறு வருடத்துக்கு முன் கடனுக்குச் செய்ய முடிந்த ஏற்பாட்டை இன்று சேவைக்குச் செய்யக் கேட்கிறேன். என் பேச்சு முழுவதும் இவ்வளவுதான்.

அதே காலத்தில் துரைமாருக்கு “சீமை லீவு” இருந்தது. சில வருடம் வேலை செய்தால் மாதக் கணக்கில் சம்பளத்தோடு கப்பலேறி ஊருக்குப் போய் வரலாம். அதே கடலின் இந்தப் பக்கத்தில் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி வந்தவர்களுக்கு ஊருக்குப் போய்வர அப்படி ஒரு லீவு இருக்கவில்லை. தாய் செத்த தந்தி வந்தாலும் பேர் விழாத நாள் சம்பளமில்லாத நாள்தான்.

நீண்டகாலச் சேவை விடுமுறை என்று இன்று உலகம் அறிந்திருப்பதன் வேரும் அந்தக் கப்பல்தான். ஆஸ்திரேலியாவில் விக்டோரியாக் குடியேற்றத்தின் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு 1862இல் அது கிடைத்தது. பத்து வருடம் வேலை செய்தவர் இங்கிலாந்துக்குப் போய்த் திரும்ப வேண்டுமென்றால் கப்பலுக்கே மாதங்கள் போய்விடும், அதற்கேற்ற நீண்ட விடுமுறை வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். பிறகு தொழிற்சங்கங்கள் அதைச் சாதாரணத் தொழிலாளிக்கும் வாங்கின. 1951இல் நியூ சவுத் வேல்ஸ் தனியார் துறைக்கும் சட்டமாக்கியது. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் வந்தது. கட்டடத் தொழிலாளி ஒரு கட்டடம் முடிந்ததும் அடுத்த ஒப்பந்தக்காரரிடம் போகிறான். முப்பது வருடம் செங்கல் அடுக்கியவனுக்கு எந்த முதலாளியிடமும் பத்து வருடம் இல்லை. அதனால் எழுபதுகளிலிருந்து மாநிலம் மாநிலமாக ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். முதலாளி ஒவ்வொருவரும் சம்பளத்தில் ஒரு சிறு வீதத்தை அந்த நிதிக்குக் கட்டுவார். தொழிலாளி யாரிடம் வேலை செய்தாலும் கணக்கு ஒரே பெயரில் ஏறும். வருடம் நிறைந்ததும் நிதியே லீவுச் சம்பளத்தைக் கொடுக்கும். 2019 ஜூலையிலிருந்து விக்டோரியாவில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர், காவல் ஊழியர், சமூக சேவை ஊழியர் ஆகியோருக்கும் இதே ஏற்பாடு வந்தது. கன்பரா இருக்கும் தலைநகரப் பிரதேசத்தில் 2025 ஏப்ரல் முதல் சிகையலங்காரம், அழகுக்கலை நிலையங்களில் வேலை செய்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கணக்கு எளிது. அறுபது வாரம் வேலை செய்தால் ஒரு வாரம் லீவு சேரும். ஏழு வருடத்தில் ஆறு வாரம்.

அது பணக்கார நாடு, நமக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். பணக்கார நாட்டை விடுங்கள். மகாராஷ்டிராவில் மூட்டை தூக்குகிற மாத்தாடித் தொழிலாளருக்கு 1969இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே நாளில் மூன்று வியாபாரிக்கு மூட்டை இறக்குகிறவருக்கு யார் முதலாளி? சட்டம் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடவில்லை. சபை ஒன்றை அமைத்து, தொழிலாளியையும் வியாபாரியையும் அதில் பதிய வைத்து, கூலியோடு சேர்த்து ஒரு வீதத்தையும் வியாபாரியிடமிருந்து வாங்கி, அதிலிருந்து சேமலாப நிதியும் பணிக்கொடையும் சம்பளத்தோடு லீவும் கொடுத்தார்கள். முதுகில் சாக்குப் போட்டு மூட்டை சுமந்தவர்களுக்குச் செய்ய முடிந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் முடிதிருத்துவோருக்கென்று தனி நலவாரியம் இருக்கிறது. அது லீவு தருவதில்லை, உதவித்தொகையும் ஓய்வூதியமும் தருகிறது. ஆனாலும் எந்தக் கடை என்று பார்க்காமல் தொழிலைப் பார்த்து ஆளைப் பதிகிற வழக்கம் அங்கே வந்துவிட்டது.

நம் தோட்டத்திலும் இந்த யோசனையின் ஒரு துளி முன்பே இருந்தது. பழைய சம்பளத் துண்டுகளை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். அரிசி, மா, முற்பணம், சங்கச் சந்தா, கோயில், டோபி, பார்பர் என்று கழிவுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பேரிலும் சிறு தொகை கழித்து, சேர்த்து, தோட்டத்துக்கு முடிவெட்டுகிறவருக்குக் கொடுத்தார்கள். நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பலாமரத்தடியில் உட்காருவார். தகரப்பெட்டி, படிகாரக் கல், தீட்டும் வார், ஓரம் உடைந்த கண்ணாடி. ஐந்தாறு லயத்து ஆண்பிள்ளைகளும் வரிசையாக மணலில் குந்தியிருப்போம். சாவு வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் அவர்தான். வயதானவர்களைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சிறுவர்கள் அவரை மட்டும் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன். அதை இந்தச் சபையில் சொல்லாமல் போவது நியாயமல்ல. எல்லோரிடமும் கழித்த காசு அவருக்குப் போனது சரி. கை நடுங்கிக் கத்தியைக் கீழே வைத்தபோது அவருக்கென்று சேர்ந்திருந்தது என்ன? வேறெவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை, நானும் அப்போது கேட்கவில்லை.

இன்று அந்தத் தொழில் சாதி வேலியைத் தாண்டிவிட்டது. பால் வெட்டுகிறவர் மகளும் கணக்கப்பிள்ளை மகனும் அதைப் படிக்கிறார்கள். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் இருக்கிறது, அனுபவத்தை மட்டும் வைத்தே பரீட்சித்துச் சான்றிதழ் வாங்கவும் வழி இருக்கிறது. அந்தச் சான்றிதழ் கொட்டாஞ்சேனையிலும் செல்லும், துபாய்க்கும் எடுத்துப் போகலாம். திறமை எங்கும் கூட வருகிறது, சேவை வரவில்லை.

சேவை முதலாளியோடு ஒட்டியது, அதைப் பிரிக்க முடியாது என்று சொல்கிறவர்களுக்குத் தோட்டமே பதில். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் தனியாரிடமிருந்தும் கம்பனிகளிடமிருந்தும் அரசுக்குப் போயின. 1992இல் அரசிடமிருந்து பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போயின. ஒவ்வொரு முறையும் கந்தோர்ப் பலகையில் பெயர் மாறியது. பழைய சேவைக்குரிய பணிக்கொடைப் பொறுப்பும் தோட்டத்தோடு சேர்ந்தே கைமாறியது. அதைச் சரியாகக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் நிருவாகங்கள் உண்டு, அதற்காக நான் எழுதிய கடிதங்களுக்கு எண்ணிக்கையில்லை. ஆனால் கொள்கையளவில் அது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆக, முதலாளி மாறி ஆள் அங்கேயே நின்றால் சேவை அறுவதில்லை. ஆள் மாறி வேலை அதே வேலையாக இருந்தால் மட்டும் ஏன் அறுகிறது?

1977இலும் 1981 ஆகஸ்டிலும் தமிழர் மீது நடந்த வன்செயல்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. காவத்தை, இறக்குவானை, இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் லயங்கள் எரிந்து, மக்கள் காட்டிலும் கோயிலிலும் ஒளிந்து, பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டார்கள். அப்படிப் போனவர்கள் வருடங்கள் கழித்து என் மேசைக்கு வந்ததுண்டு. “பதினேழு வருசம் கொழுந்து எடுத்தேன் தம்பி, அந்தப் பேர் எங்க இருக்கும்?” என்று ஒரு தாய் கேட்டார். அந்தப் பேரைப் பதிந்த செக்ரோல் புத்தகம் எந்தக் கந்தோர் அலுமாரியில் கரையான் தின்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சேவை ஓரிடத்துப் புத்தகத்தில் மட்டும் இருந்தால் அந்த இடத்துக்கு வருகிற நெருப்பு அதையும் தின்றுவிடும்.

சரி, செய்வது எப்படி? நமக்குப் புதிதாக ஒரு கட்டடம் வேண்டாம். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதி ஒரேயொரு ஆள் வேலை செய்கிற கடைக்கும் பொருந்தும். தொழிலாளி எட்டு வீதம், முதலாளி பன்னிரண்டு வீதம். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மூன்று வீதம். கடை மாறினாலும் அந்தப் பணம் ஆளோடு வருகிறது. அடையாள அட்டை இலக்கத்தில் தேடினால் கிடைக்கிறது. சேவைக்காலத்தையும் அதே இலக்கத்தில் ஏற்றலாம். மாதச் சம்பளம் 30,000 ரூபா என்று வையுங்கள், 2026 ஜனவரியிலிருந்து அதுதான் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம். வருடத்துக்கு அரை மாதப் பணிக்கொடை என்பது மாதத்துக்கு 1,250 ரூபா ஒதுக்குவது. அறுபது வாரத்துக்கு ஒரு வார லீவு என்பது மாதத்துக்கு 500 ரூபா. இரண்டும் சேர்ந்து 1,750. இந்தப் பிள்ளையின் பதினொரு வருடத்துக்கு, கடைசிச் சம்பளம் 30,000 என்று பிடித்தால், பணிக்கொடை மட்டும் 1,65,000 ரூபா வந்திருக்கும். ஒன்பது வாரத்துக்கு மேல் லீவு சேர்ந்திருக்கும். வைத்தியர் கேட்டது இரண்டு மாதம்.

சிறு கடைக்காரர்களின் பயம் எனக்குத் தெரியும். முதலாளியம்மாவும் பெரும்பாலும் நேற்றுவரை வேறொருவர் கடையில் நின்றவர்தான். வாடகை, மின்சாரக் கட்டணம், இறக்குமதிச் சாய விலை எல்லாம் அவர் கழுத்தில். 1,750 அவருக்குப் பெரிய காசு. அதனால் லீவுக்கான 500இல் முதலில் தொடங்கலாம் என்பது என் எண்ணம். பழகிய ஒரு பிள்ளை உடம்பு முடியாமல் வேலையை விட்டே போனால் புதிதாக ஒருத்தியைப் பழக்க ஆகும் மாதங்களுக்கு என்ன செலவு என்று அவரே கணக்குப் பார்க்கட்டும். இரண்டு மாதம் கழித்துத் தேறித் திரும்பி வருகிறவள் இலாபம்.

நாற்காலிக்கு வாடகை கட்டி, வருகிறதில் பங்கு எடுத்து வேலை செய்கிறவர்கள் நிறைய. அவர்களை முதலாளி தன் ஊழியரென்று எழுதமாட்டார். அவர்களையும் சேர்க்காத திட்டம் பாதித் தொழிலை வெளியே விட்டுவிடும். மாத்தாடிச் சபையைப் போல ஆளைப் பதிந்து, வாடகையோடு ஒரு சிறு வீதத்தை வாங்க வேண்டும்.

பணம் பத்திரமாக இருக்குமா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கடினம். 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் கொண்டுவந்தபோது கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துத் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். மே 30ஆம் தேதி பொலிஸ் சுட்டதில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. எங்கள் காசில் கை வைக்கிறார்கள் என்ற அச்சம்தான் அவர்களை இறக்கியது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் சேமலாப நிதியின் முறிகளை மாற்றியபோது அந்த அச்சத்துக்குக் காரணம் இன்னும் கூடியது. ஆகவே நிதியை நடத்துகிற சபையில் கத்தரிக்கோல் பிடிக்கிறவர்கள் உட்கார வேண்டும், பாதி இடமாவது. அரசாங்கம் கடன் வாங்குகிற பெட்டியாக அது ஆகக்கூடாது. இந்த இரண்டும் சட்டத்தில் எழுதப்படாவிட்டால் நானே எதிர்த்துக் கையெழுத்து வைப்பேன்.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. நாம் தோட்டத்துக்குள் இருப்பவரைத்தான் அங்கத்தவர் என்கிறோம். கேற்றைத் தாண்டிப் பஸ் ஏறிய பிள்ளையை மறந்துவிடுகிறோம். அவள் மாதாமாதம் அனுப்புகிற காசில்தான் அந்த லயத்தின் கூரைத்தகடு மாறுகிறது. அவளிடம் சந்தா கேளுங்கள், அவளுக்காகவும் பேசுங்கள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. சேமலாப நிதிக்குக் கழித்துக் கட்டாமல் விட்டதற்குத் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதினேன், அது நடக்கிறது. பிறகு என் பேரனின் புதுச் சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சேர்ந்த திகதி, விலகிய திகதி, கடை இருந்த வீதி, சம்பளம், கூட வேலை செய்தவர்கள் பெயர், எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவை என்றேன். அந்த மேசையிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். தோள் வலிக்கும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டுக் கையை நீவிக்கொண்டாள். படியில் இருந்த தகப்பன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “எனக்கும் ஒரு கொப்பி குடுங்க தொர” என்றார்.